ஓவன் கதவில் ஒரு நாவல்

விக்டோரியா
அக்டோபர் 12, 2014

அன்புத் தம்பி ஓரெஸ்டுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். டானா என்னை உட்கார வைத்துச் சோறு போடுகிறாள். மூட்டு அறுவை சிகிச்சை அடுத்த செவ்வாய்க்கிழமை. எழுபத்தொரு வயதில் புது முழங்கால் கிடைக்கப்போகிறது, மகளுக்கு இருக்கும் பயம் எனக்கு இல்லை. உன் தோள்பட்டை எப்படி? மாடுகள் சுகமா?

போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதியை நீ மறந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வை. உன் டிராக்டர் கொட்டகையில் நிற்கும் என் கேரவனிலிருந்து பனி கொட்டுவதற்குள் இவற்றையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுபோய்விடு: டி.வி., ரேடியோ, வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவி, சுவர்க்கடிகாரம், கேஸ் கசிந்தால் கத்தும் அந்தப் பெட்டி. டி.வி. திரைக்குள் இருப்பது ஒருவகைத் திரவம், மைனஸ் நாற்பதில் அது கெட்டுப்போகும். பெரிய பேட்டரிகளைக் கழற்றி நிலவறையில் வை.

முக்கியமான விஷயம். ஒவ்வொன்றையும் கேரவனுக்குள்ளேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டு. வீட்டுக்குள் வந்ததும் பையை அவிழ்க்காதே, ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கட்டும். குளிர்ந்த கருவி வெப்பக் காற்றைக் கண்டால் உள்ளுக்குள் வியர்க்கும். அந்த ஈரத்தோடு சுவிட்சைப் போட்டால் கதை முடிந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
வெர்னா

---

வெல்பி, சஸ்காச்சுவன்
அக்டோபர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் மாடுகளும் சுகம். தோள்பட்டை மழைக்கு முன்னால் சேதி சொல்கிறது, அவ்வளவுதான். புது முழங்கால் எப்படி மடங்குகிறது என்று எழுது.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. பல் தேய்க்கும் மின்சார பிரஷ்ஷை நீ பட்டியலில் சேர்க்கவில்லை, அதையும் எடுத்தேன். எல்லாம் பைக்குள் மூச்சடைத்துக்கொண்டு என் வரவேற்பறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வந்த விருந்தாளிகளுக்குத் தேநீர் கொடுக்காமல் விட்டதுபோல எனக்கே சங்கடமாக இருக்கிறது. கடிதம் சுவரில், அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறது. எலிகள் நுழையாமலிருக்கக் கேரவனின் குழாய் ஓட்டைகளில் இரும்புப் பஞ்சு அடைத்துவிட்டேன்.

முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவளின் தம்பி நான். சொன்னதைச் செய்யாவிட்டால் இறக்கிவிடுவாய் என்று தெரியும்.

தம்பி,
ஓரெஸ்ட்

---

விக்டோரியா
நவம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

நலமா? நான் கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறேன். நடக்கும்போது ஆடுகிறேன் என்றே சொல்லலாம், காரணத்தைக் கேள்.

கேரவனில் ஊர் ஊராகப் போய் ஆறு வருஷமாக நான் எதையோ தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அது ஒரு நாவல், ஓரெஸ்ட். துப்பறியும் நாவல். முதல் மூன்று அத்தியாயங்களைக் கோடையில் சாஸ்கட்டூனில் இருக்கும் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தேன். நேற்று பதில் வந்தது. பிடித்திருக்கிறதாம். மார்ச் 31-க்குள் முழு நாவலும் வேண்டுமாம். காகிதத்தில் அச்செடுத்துத்தான் கொடுக்க வேண்டுமாம், பழைய காலத்து ஆட்கள். டானா சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

முழு நாவலும் லேப்டாப்பில்தான் இருக்கிறது, வேறு பிரதி கிடையாது. அது கேரவனிலேயே தங்கிவிட்டது, கட்டிலுக்கு அடியில் உள்ள இழுப்பறையில். நீ அதைத் தேடிப் போக வேண்டாம். பிப்ரவரியில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
வெர்னா

---

வெல்பி
டிசம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். நம் வீட்டில் ஒரு புத்தகமா?

மறுநாளே கூட்டுறவுக் கடையின் காபி மேஜையில் சொல்லிவிட்டேன். நாரிஸ் நம்பவில்லை.

"உங்கக்கா பஸ் ஓட்டுனவதானே? அவளா கொலைக் கதை எழுதுறா?"

"முப்பது வருஷம் உன் பிள்ளைங்களையும் சேர்த்து ஏத்திக்கிட்டுப் போனா. ஒருத்தனையும் கொல்லல. ஆசை இருக்காதா பின்ன?" என்றேன்.

மேஜையே சிரிப்பில் அதிர்ந்தது. இப்போது எல்லோரும் யார் செத்தது, யார் கொன்றது என்று என்னைக் குடைகிறார்கள். எனக்காவது சொல்லேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. சுவர்க்கடிகாரத்துக்குக் குளிரும் என்று கவலைப்பட்டவள், லேப்டாப் அங்கேயே கிடக்கட்டும் என்கிறாயே. போய் எடுத்து வரட்டுமா?

ஓரெஸ்ட்

---

விக்டோரியா
டிசம்பர் 28

அன்புத் தம்பிக்கு,

பண்டிகை நன்றாகக் கழிந்ததா? யார் வீட்டில் சாப்பிட்டாய்? இங்கே பனியே இல்லை, டிசம்பரில் புல் பச்சையாக இருப்பதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

செத்தது கிராண்டல், தானியக் களஞ்சியத்தின் முகவர். எடையில் ஊரையே ஏமாற்றியவன். கண்டுபிடிப்பவள் ஸ்டெல்லா என்ற பள்ளி ஆசிரியை. கொன்றது யார் என்று சொல்ல மாட்டேன், கடைசி அத்தியாயம் வரை பொறு. அது பிரமாதமாக வந்திருக்கிறது.

லேப்டாப்பைத் தொடாதே. கொட்டகைக்கு நடந்து உன் தோளை முறித்துக்கொள்ளாதே. அது பழைய கிழம், என்னைப்போல எதையும் தாங்கும்.

வெர்னா

---

வெல்பி
ஜனவரி 17, 2015

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன். இங்கே மைனஸ் நாற்பத்தொன்று. ஒரு பசு நாள் நிரம்பாமல் முன்கூட்டியே ஈன்றுவிட்டது, கன்று பிழைத்துக்கொண்டது. வேறு ஒன்றும் விசேஷமில்லை.

ஓரெஸ்ட்

---

விக்டோரியா
பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

சுகமா? மூன்று வரியில் ஒரு கடிதம் போட்டுவிட்டு மூன்று வாரமாகச் சத்தமில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. கோபமா, காய்ச்சலா?

பிப்ரவரியில் நான் வருவதாக இல்லை. ஏப்ரல் வரை விமானத்தில் ஏறக்கூடாது என்கிறார் டாக்டர். பதிப்பகத்திலிருந்து இரண்டு தடவை விசாரித்துவிட்டார்கள். அட்டைப் படம்கூட யோசித்துவிட்டார்களாம், ஒரு சிவப்புக் களஞ்சியம், அதன்மேல் ஒரு காகம்.

உங்கள் ஊர்க் குளிரைச் செய்தியில் காட்டினார்கள். அந்த லேப்டாப் பிழைத்திருக்கும் என்று தோன்றவில்லை. போயிருந்தால் போகட்டும், குளிரை யார் என்ன செய்ய முடியும்? பதிப்பகத்துக்கும் அப்படியே எழுதிவிடலாம். நீ மனதை அலட்டிக்கொள்ளாதே.

அக்கா,
வெர்னா

---

வெல்பி
பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம்தான், மனசுதான் சுகமில்லை. இதை நான் ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். துணிச்சல் வரவில்லை.

மைனஸ் நாற்பத்தொன்று என்று எழுதினேனே, அன்று காலைதான் அந்தக் கன்று பிறந்தது. பனிக்கட்டி மாதிரி விறைத்துப்போய்க் கிடந்ததைச் சமையலறைக்குத் தூக்கி வந்தேன். நம் அப்பா செய்வாரே, அதேபோல ஓவனை மிதமாக மூட்டி, கதவைக் கீழே சாய்த்துத் திறந்து, அதன் மேல் கன்றைக் கிடத்தி, சாக்கால் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்று என் கையை நக்கியது. அந்தச் சந்தோஷத்தில்தான் உன் லேப்டாப்பின் நினைப்பு வந்தது. இதுவே இப்படி விறைத்தால் அது என்ன பாடுபடும் என்று தோன்றியது. நீ தொடாதே என்றாய். நான் தொட்டேன்.

அங்கியின் உள்ளே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். பையில் போடவில்லை. கன்று இறங்கிய ஓவன் கதவு சும்மாதான் இருந்தது, அதில் வைத்தேன். துணியால் தேய்த்தேன். லேப்டாப்பின் மூடி வெதுவெதுப்பானதும் உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று மின் இணைப்பைக் கொடுத்துப் பொத்தானை அமுக்கினேன். ஒரு வெளிச்சம், ஒரு சின்ன 'டக்', ஒரு நாற்றம். தலையை நிமிர்த்தினால் சுவரில் உன் கடிதம். அதற்கு நேர் கீழேதான் ஓவன், அக்கா.

பிறகு சாஸ்கட்டூனுக்கு எடுத்துப் போனேன். ஜோலீன் என்று ஒரு பெண், கணினி பழுது பார்ப்பவள். திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"என்னங்க, இத எங்க போட்டு வறுத்தீங்க?"

"வறுக்கலம்மா. குளிருதேன்னு ஓவன் கதவுல வச்சேன்."

"லேப்டாப்பையா?"

"கன்னுக்குட்டின்னா அப்படித்தான் வைப்போம்."

கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். "கன்னுக்குட்டிக்கு ப்ளக்கும் சொருகுவீங்களா?"

அவள் நல்லவள். உள்ளே இருக்கும் பலகைதான் கருகிவிட்டது, எழுத்தெல்லாம் இருக்கும் தட்டு பிழைத்துவிட்டது என்றாள். அதிலிருந்து உன் நாவலை எடுத்து, முந்நூற்று நாற்பத்தொரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தாள்.

நான் அதைப் படித்தேன், அக்கா. பள்ளிப் படிப்பை விட்டபிறகு ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நான் படித்ததில்லை. இதை நான்கு நாளில் முடித்தேன். களஞ்சியத்தில் விளக்கு அணைகிற இடத்தில் நிஜமாகவே எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். நீ இப்படி எழுதுவாய் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

ஆனால் இருபத்தேழு அத்தியாயம்தான் இருக்கிறது. 'இருபத்தெட்டு' என்று தலைப்பு இருக்கிறது, கீழே வெறும் வெள்ளை. "இவ்வளவுதான் இருந்துச்சு" என்றாள் ஜோலீன். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். நீ பிரமாதம் என்று சொன்ன அந்த அத்தியாயத்தை நான்தான் ஆவியாக்கிவிட்டேன். ஆறு வருஷ உழைப்பு. எப்படி மன்னிப்புக் கேட்பது என்றே தெரியவில்லை.

ஓரெஸ்ட்

---

விக்டோரியா
மார்ச் 4

என் அன்புத் தம்பிக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். டானா காபியோடு வந்து நின்று எதற்கு என்று கேட்டாள், சொல்ல வெட்கமாக இருந்தது. உனக்குச் சொல்கிறேன்.

நீ எதையும் ஆவியாக்கவில்லை. இருபத்தெட்டாம் அத்தியாயத்தை நான் எழுதவே இல்லை. தலைப்பைத் தட்டிவிட்டு இரண்டு வருஷமாக அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிரஷ்ஷைக்கூட எடுத்த நீயே யோசித்திருப்பாய். நான் லேப்டாப்பை மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தேன். அங்கேயே குளிரில் செத்துப்போனால், எழுத முடியாமல் போனது என் குற்றமாகாது, உங்கள் ஊர்க் குளிரின் குற்றமாகிவிடும். பதிப்பகத்தின் கடிதம் வந்தபோது சந்தோஷத்தில் தூங்கவில்லை என்று எழுதினேன். பாதி சந்தோஷம், பாதி பயம். அதற்குள் நீ அதைக் கன்றுக்குட்டியாக்கி நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

கொன்றவன் யார் என்று எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் கை வரவில்லை. ஏன் என்று கேட்காதே. இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது. முடியாது என்று அவர்களுக்கு எழுதிவிடப் போகிறேன்.

வெர்னா

---

வெல்பி
மார்ச் 11

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை, நலமாகவே இரு. அவர்களுக்கு எதுவும் எழுதாதே.

பீட்தான், இல்லையா? ஸ்டெல்லாவின் தம்பி.

நாவலை இரண்டாவது தடவை படித்தேன். அவன் என் தொப்பியைப் போட்டிருக்கிறான். என்னைப்போலவே இடது காதைத் திருப்பிக் கேட்கிறான். என்னைப்போலவே ரொட்டியை சூப்பில் முக்கிவிட்டு மறந்துவிடுகிறான். ஸ்டெல்லா ஊரில் ஒவ்வொருவரையும், பாதிரியாரைக்கூட, அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறாள். தன் தம்பியை மட்டும் கேட்கவே இல்லை. முந்நூற்று நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு தடவைகூட இல்லை. அங்கேதான் பிடித்தேன்.

எனக்கு மனசு கஷ்டப்படும் என்றுதானே எழுதாமல் விட்டாய்? பைத்தியமே. அறுபத்தொன்பது வயதாகிறது, இதுவரை என்னை யாரும் எதற்கும் சந்தேகப்பட்டதே கிடையாது. ஊரில் எது காணாமல் போனாலும் 'ஓரெஸ்டா இருக்காதுப்பா' என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு ஒரு வாய்ப்பைக் கொடு. அந்தக் கிராண்டல் செய்த வேலைக்கு நானே அவனைத் தள்ளியிருப்பேன்.

ஒன்றே ஒன்று. பிணத்தைத் தோளில் தூக்கிப்போனதாக எழுதிவிடாதே, இந்தத் தோளால் அது ஆகாது. டிராக்டரின் முன்னால் மாட்டியிருக்கும் பெரிய வாளியில் போட்டுக்கொண்டு போகட்டும். மாட்டுத்தீவன ஓட்ஸை மேலே கொட்டி மூடினால் வழியில் யாரும் பார்க்க மாட்டார்கள். இதெல்லாம் பேருந்து ஓட்டுபவர்களுக்குத் தெரியாது.

எழுதி எனக்கு அனுப்பு. இங்கே இருக்கும் காகிதத்தோடு சேர்த்து நானே பதிப்பகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கன்று ஈனும் காலம்தான், நாரிஸ் ஒரு நாள் பார்த்துக்கொள்வான். ஏன் என்று அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் முடிவைக் கேட்பான்.

ஓரெஸ்ட்

---

விக்டோரியா
மார்ச் 25

அன்புத் தம்பிக்கு,

நீ நலமா என்று கேட்கிறேன், நான் நலமா என்று எனக்கே தெரியாது. ஒன்பது நாள், பதினெட்டுப் பக்கம். டானாவின் கணினியில் தட்டினேன், விரல் வீங்கிவிட்டது. இரண்டு வருஷமாக நகராதது வாய்க்கால் உடைத்துக்கொண்டதுபோல வந்தது. டிராக்டர் வாளி அற்புதம்.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உறையைத் திறக்காமல் அவர்களிடம் கொடு என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

வெர்னா

---

வெல்பி
ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். இதைவிடச் சுகமாக எப்போது இருந்தேன் என்று நினைவில்லை. உன் முழங்கால் இன்று ஆடலாம், டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் தபால் நேற்று மதியம்தான் வந்தது. அஞ்சல் அலுவலகத்திலிருந்து நேரே சாஸ்கட்டூனுக்கு விட்டேன். வழியெல்லாம் பனி உருகிச் சேறு, லாரி சறுக்கியது. பதிப்பகத்தின் வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி நாலே கால். ஐந்து மணிக்கு மூடுவார்கள். உறையைப் பிரித்தேன்.

பீட்டின் ஓட்ஸ் பெட்டியின் அடியில் ஸ்டெல்லா அந்தக் கடிதத்தைக் கண்டெடுக்கிறாளே, விமானப்படையில் சேரச் சொல்லி அவனுக்கு வந்தது, அவர்கள் அப்பா பரணிலிருந்து விழுந்து படுத்துவிட்ட அதே வாரத் தேதியிட்டது. அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். 'அவள் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடக் கூடாதென்று அவன் அதை யாருக்கும் காட்டவில்லை. வானத்தையே விட்டுக்கொடுத்து அவன் எந்த நிலத்தில் நின்றானோ, அதன் விளைச்சலை ஒருவன் எடைக்கல்லில் திருடுவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை' என்று எழுதியிருக்கிறாய்.

என் ஓட்ஸ் பெட்டியின் அடியில் கிடக்கும் விமானப்படைக் கடிதத்தைப் பற்றி நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, அக்கா. அப்பாவிடம்கூட இல்லை. நீ ரெஜைனாவில் படித்துக்கொண்டிருந்த வருஷம் அது. எப்போது பார்த்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. ஐம்பத்தொரு வருஷமாக நீ தெரிந்துகொண்டே இருந்தாய், நான் தெரியாது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். லாரிக்குள் உட்கார்ந்து நன்றாக அழுதேன். வருத்தத்தில் இல்லை. யாரோ ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறதே என்று.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். முந்நூற்று ஐம்பத்தொன்பது பக்கத்தையும் மேஜைமேல் வைத்தேன். அங்கிருந்த பெண் முதல் பக்கத்தைப் பார்த்தாள், என் சேற்றுக் காலணியைப் பார்த்தாள், என் தொப்பியைப் பார்த்தாள்.

"நீங்கதான் எழுதுனவரா?"

"இல்லம்மா. எழுதுனது எங்கக்கா. நான் கொலைகாரன்."

உன் தம்பி,
ஓரெஸ்ட்